சாயத்தண்ணிக்கு மின்பொறி வைத்தியம் ஆகுமா?

8 ஜூன் 2025, பத்தமடையிலிருந்து ஒரு வாசகி கேட்டது

அண்ணாச்சி, கரண்டை வைத்துச் சாயத்தண்ணியை வெள்ளையாக்கிவிடலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன். பிளாஸ்மா என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் பாய் முடையும் கோரைக்கு வாரம் ரெண்டு அண்டா சாயம் காய்ச்சுவோம். மிச்சத் தண்ணியைக் கொல்லைக் குழியில்தான் ஊற்றுகிறோம். மழை வந்தால் குழி நிரம்பி வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது சரிப்படுமா, இல்லை பெரிய மில்காரர்களுக்குத்தானா?

8 ஜூன், இரவு 9.50

சரிப்படும். நானே செய்து பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் உதவியாளராக இருந்தவன். ஒரு மாணவனின் புராஜெக்டுக்காகக் கண்ணாடிக் குழாயில் இதைக் கட்டினோம். சிவப்புச் சாயம் இருபது நிமிஷத்தில் கரைந்தே போனது. காற்றில் பொறி விட்டால் பிறக்கிற ஓசோன் என்ற வாயு, அந்த ஓசோன்தான் முழு வேலையும் பார்க்கிறது. செலவும் கம்மி, ஒரு யூனிட் கரண்டில் நூறு லிட்டர் ஓட்டலாம். விவரம் காலையில் எழுதுகிறேன்.

9 ஜூன், காலை 6.15

பிளாஸ்மா என்றதும் பயப்பட வேண்டாம். காற்றுக்குள் மின்சாரம் பாயும்போது காற்றே உடைந்து, எலக்ட்ரான் தனி, அயனி தனி என்று ஆகிற நிலை அது. மின்னல் பிளாஸ்மா, வெல்டிங் ஆர்க் பிளாஸ்மா, டியூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மா. வெல்டிங் ஆர்க்கில் எல்லாமே கொதிக்கும். நமக்கு வேண்டியது வேறு ரகம். அதில் எலக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரிக்குரிய வேகத்தில் ஓடும், சுற்றியுள்ள காற்று வெதுவெதுப்போடு நின்றுவிடும். அந்த எலக்ட்ரான் ஆக்சிஜனில் மோதி அதை இரண்டாகப் பிளக்கும். பிளந்த ஒற்றை ஆக்சிஜன், பக்கத்தில் போகிற முழு ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டால் ஓசோன்.

நாங்கள் கட்டியது இப்படி. பழைய சாமான் கடையில் கிடந்த நியான் போர்டு டிரான்ஸ்பார்மர் ஒன்று, பத்தாயிரம் வோல்ட். எல்.இ.டி. வந்த பிறகு நியானை யாரும் சீண்டுவதில்லை, எடைக்குத்தான் கிடைத்தது. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் உப்புத்தண்ணீர் ஊற்றி அதில் ஒரு கம்பியை விட்டோம். அதைவிடக் கொஞ்சம் பெரிய குழாய்க்குள் அதைச் செருகி, வெளிக்குழாயைச் சுற்றி அலுமினியத் தாள். இரண்டு குழாய்க்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சந்து. மீன்தொட்டி பம்ப் அந்தச் சந்து வழியாகக் காற்றை ஊதும், மறுமுனைக் குழாய் சாயத்தண்ணிக்குள் போகும். விளக்கை அணைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால் சந்து முழுக்க ஊதா நிறத்தில் மெல்லிய மழைபோல ஒரு ஒளி இறங்கும். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சத்தம். கண்ணாடி நடுவில் நின்று தடுப்பதால் பெரிய பொறியாகப் பாயாமல் ஆயிரக்கணக்கான குட்டிப் பொறிகளாக உடைந்துவிடுகிறது. இதன் சூட்சுமமே அந்தக் கண்ணாடிதான்.

வீட்டில் யாரும் அப்படியே கட்டிப் பார்க்காதீர்கள். பத்தாயிரம் வோல்ட் ஆளை விடாது. ஆய்வகத்தில்கூட ஒரு கை சட்டைப்பைக்குள் இருந்தால்தான் ஸ்விட்ச் பக்கம் போவோம்.

9 ஜூன், இரவு 10.30

வாசனை எப்படி இருக்கும் என்று ஒரு தம்பி கேட்கிறார். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் அந்தக் காலத்து ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, அதுதான். பழைய மெஷினில் தாளுக்கு மின்னூட்டம் ஏற்ற ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதில் நடப்பதும் இதே மின்கசிவு. இப்போதைய மெஷின்களில் கம்பிக்குப் பதில் உருளை வந்துவிட்டதால் வாசனை குறைந்துவிட்டது.

ஓசோனுக்குப் பெயரே மூக்கால் வந்தது. ஷோன்பைன் என்ற வேதியியலாளர் 1839இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மின்சாரச் சோதனை செய்தபோது இந்த வாசனையைக் கவனித்து, 'மணக்கிறது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குழாய் வைக்கும் அமைப்பு வெர்னர் வான் சீமென்ஸ் 1857இல் செய்தது. நாங்கள் கட்டியது அதன் பேரப்பிள்ளை. பிரான்சில் நீஸ் நகரத்தில் 1906இலிருந்து ஓசோனைக் கொண்டு ஊருக்கே குடிநீர் சுத்தம் செய்தார்கள். ஆக, வீடியோக்காரர்கள் சொல்வதுபோல இது நேற்று வந்த கண்டுபிடிப்பு கிடையாது.

12 ஜூன், மதியம்

திருத்தம். ஒரு யூனிட்டுக்கு நூறு லிட்டர் என்று எழுதியது தப்பு. டிரான்ஸ்பார்மரைப் பரணிலிருந்து இறக்கி, பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பம்போடு சேர்த்து 85 வாட் காட்டுகிறது. ஒரு லிட்டருக்கு இருபது நிமிஷம் என்றால் ஒரு யூனிட்டில் முப்பத்தைந்து லிட்டர்தான் ஆகும். ஆயிரம் லிட்டருக்கு 28 யூனிட். வாரம் ரெண்டு அண்டா, நாற்பது லிட்டர் என்று வைத்தால் ஒரு யூனிட்டும் கொஞ்சமும். வீட்டுக்குப் பரவாயில்லை. சாயப்பட்டறை வைத்திருப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கட்டும்.

15 ஜூன், இரவு 11.20

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், ஜன்னலைச் சாத்திய அறை. காற்றடித்தால் தூள் பறந்துவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். வயதான காலத்தில் மூச்சிரைப்பு வந்தது. சுற்றுவதை நிறுத்திய பிறகும் அந்த அறையில் புகையிலை வாடை போகவில்லை. ஒரு கடையில் காற்றுச் சுத்தப் பெட்டி என்று ஒன்று விற்றார்கள். 'அயனி வரும், மலைக்காற்று மாதிரி இருக்கும்' என்றார்கள். வாங்கி அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரே ராத்திரியில் வாடை போயிற்று. எனக்குப் பெருமை. ஆனால் நாலாம் நாள் அம்மாவுக்கு இருமல் அதிகமாயிற்று. 'ஏல, தொண்டையில கம்பி வச்சு இழுக்க மாதிரி இருக்கு' என்றார்கள். குளிர்காற்று என்று நினைத்து ஜன்னலை இன்னும் இறுகச் சாத்தினேன். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் வெளியே போய்விட்டு அறைக்குள் நுழைந்தபோதுதான் மூக்கில் ஏறியது. ஜெராக்ஸ் கடை.

பெட்டியைக் கழற்றினேன். உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடித் தகடு, இரண்டு பக்கமும் கம்பி வலை. இருட்டில் பார்த்தால் அதே ஊதா. வருஷக்கணக்கில் கையால் கட்டிப் பார்த்த சாமானை அம்மா தலைமாட்டில் நானே வைத்திருக்கிறேன். எட்டு மணி நேரம் வேலை செய்கிற இடத்தில் ஓசோனுக்குப் பொதுவாக வைத்திருக்கும் எல்லை ஒரு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு. அவ்வளவு போதும் அதற்கு. சாயத்தின் பிணைப்பை உடைக்கிற அதே கை நுரையீரலின் ஈரத் தோலையும் தொடும். அதற்கு ஆள் தெரியாது.

பெட்டியை அன்றைக்கே நிறுத்தினேன். சுவரை உடைத்து ஒரு எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் வைத்தேன். பத்து நாளில் இருமல் பழைய நிலைக்கு வந்தது.

ஆள் மூச்சுவிடுகிற அறைக்குள் ஓசோன் விடுகிற எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் சுத்தம் செய்தாலும் திறந்தவெளியில், காற்று போகிற பக்கம் ஆள் இல்லாமல் பார்த்துச் செய்யுங்கள்.

16 ஜூன், காலை

'அப்போ காற்றுக்குப் பிளாஸ்மாவே ஆகாதா?' என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். ஆகும். இடம்தான் வேறு. நிலக்கரி எரிக்கிற அனல் மின் நிலையங்களில் புகைபோக்கிக்கு முன்னால் ஒரு பெரிய கூடம் இருக்கும். வரிசையாகத் தகடுகள், நடுவில் உயரழுத்தக் கம்பிகள். கம்பியைச் சுற்றி மின்கசிவு நடந்து, போகிற சாம்பல் தூளுக்கு மின்னூட்டம் ஏறும். தூள் தகட்டில் போய் அப்பிக்கொள்ளும். சுத்தியலால் தட்டினால் கீழே விழும். அமெரிக்காவில் காட்ரெல் என்பவர் 1908இல் காப்புரிமை வாங்கியது. தூத்துக்குடி பக்கம் நிலக்கரி எரித்தும் ஊர் முழுக்கச் சாம்பலில் மூழ்காமல் இருப்பதற்கு இந்த வகைக் கூடம்தான் காரணம். ஆனால் அது தூளைத்தான் பிடிக்கும். கந்தக வாயு அது பாட்டுக்குப் போய்விடும்.

தொழிற்சாலைப் புகையில் வருகிற கரைப்பான் ஆவி, நாற்றம் இவற்றுக்கும் பிளாஸ்மா குழாய் வைக்கிறார்கள். கடைசியில் ஒரு வினையூக்கிப் படுகை இருக்கும், மிச்ச ஓசோனை அது உடைத்துவிட்டுத்தான் வெளியே விடும். எங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் கடைசிப் படி இல்லை.

22 ஜூன், இரவு 8.00

இன்று பத்தமடை போய் வந்தேன். முதல் நாள் கேள்வி கேட்ட தங்கச்சி வீட்டில் கோரை காய்ந்துகொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறி உப்பிய கோரையைச் சீவி, முடிபோல மெல்லிசாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அம்மா ஒரு இழையை எடுத்து என் விரலில் சுற்றிக் காட்டினார்கள், நூல்தான் தோற்றது. முன்னே சப்பங்கிக் கட்டையைக் காய்ச்சித்தான் சிவப்பு எடுப்பார்களாம். இப்போது பொட்டலச் சாயம். சாயம் பிடிக்க அண்டாவில் கல்லுப்பும் போடுகிறார்கள். அந்தக் கல்லுப்பைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஒன்று உறுத்தியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு கேன் சாயத்தண்ணி வாங்கிவந்து மாடியில் வைத்து ஓட்டினேன். நாலு நிமிஷத்தில் ரத்தச் சிவப்பு ரோஜா ஆயிற்று. ஒன்பதில் நன்னாரி சர்பத்தில் தண்ணீர் கூடிப்போன நிறம். இருபதில் இளமஞ்சள், அதற்கு மேல் நகரவில்லை. பி.ஹெச். அட்டை வைத்தால் பி.ஹெச். ஏழிலிருந்து நாலரைக்கு இறங்கியிருக்கிறது, அதாவது தண்ணீர் அமிலமாகியிருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் முன்பு 2,900, பிறகு 2,960.

முதல் நாள் 'ஓசோன்தான் முழு வேலையும்' என்று எழுதினேன் அல்லவா, அதையும் திருத்த வேண்டும். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். பொறி அதையும் உடைக்கிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீரில் கரைந்து நைட்ரிக் அமிலமாகிறது. பி.ஹெச். இறங்கியது அதனால். டி.டி.எஸ். கொஞ்சம் ஏறியதும் அதனால்தான். தண்ணீரின் மேற்பரப்பிலேயே நேரடியாகப் பொறி விட்டால் ஹைட்ராக்சில் என்ற துண்டும் பிறக்கும். அது ஓசோனைவிட மூர்க்கமானது, ஆனால் பிறந்த இடத்திலேயே முடிந்துவிடும். எங்கள் குழாயில் பொறி ஒரு இடம், தண்ணீர் ஒரு இடம் என்பதால் ஓசோன்தான் பெரும்பாலும் போய்ச் சேருகிறது.

1 ஜூலை, மாலை

தெரிந்த ஆய்வகம் ஒன்றில் சி.ஓ.டி. பார்த்துக் கொடுத்தார்கள். தண்ணீரில் உள்ள கரிமச் சரக்கை எரித்து முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற அளவு அது. நிறம் ஏறக்குறைய முழுக்கப் போயிருக்கிறது. சி.ஓ.டி. பாதிகூட இறங்கவில்லை.

ராத்திரியெல்லாம் இதே யோசனை. பெரும்பாலான சாயங்களில் இரண்டு நைட்ரஜன் கைகோத்த ஒரு பாலம் இருக்கும். அந்தப் பாலம்தான் நிறம். ஓசோன் முதலில் அதைத்தான் வெட்டுகிறது. பாலம் போனால் கண்ணுக்குச் சாயம் போச்சு. ஆனால் இரண்டு கரையும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. சில துண்டுகள் முழுச் சாயத்தைவிடக் கெட்டவை. அந்தப் புராஜெக்டில் நாங்கள் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைதட்டிவிட்டு வந்தோம். சிவப்பாக இருந்தால் வாய்க்காலில் போகும்போது யாராவது கேட்பார்கள். வெள்ளையாகப் போனால் கேட்க ஆள் கிடையாது. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

2 ஜூலை

உறுத்தியது கல்லுப்பு. பிளாஸ்மா உப்பைத் தொடவே தொடாது. சோடியமும் குளோரைடும் உடைக்க உடைக்க அதேதான். திருப்பூரில் ஊரையே அடித்தது இந்த உப்புதான். சாயப்பட்டறைத் தண்ணீரை நொய்யல் ஆற்றில் விட்டார்கள், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, வயல் பாழாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போயிற்று. அங்கே ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று ஆர்.ஓ. வைத்து, கடைசித் தண்ணீரை ஆவியாக்கி உப்பை அள்ளுகிறார்கள். அதோடு, உப்பு கூடினால் தண்ணீரில் மின்சாரம் எளிதாகக் கடத்தும், தண்ணீருக்குள்ளேயே பொறி விடும் முறை அங்கே திணறும்.

6 ஜூலை, இரவு

'தாமிரபரணியில் சாக்கடை கலக்கிற இடத்திலெல்லாம் ஒரு பிளாஸ்மா மெஷின் வைத்தால் என்ன?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் குறுக்குத்துறையில் வளர்ந்தவன். முருகன் கோயில் படியிலிருந்து குதித்து நீந்தியிருக்கிறேன். அந்த ஆற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவரைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சாக்கடையில் சரக்கு அதிகம். ஓசோன் கிருமியைத் தேடிப் போவதற்குள் வழியில் கிடக்கிற எல்லாவற்றோடும் வினைபுரிந்து தீர்ந்துவிடும். வீட்டுச் சாக்கடையைச் சாப்பிட பாக்டீரியாவைவிட மலிவான வேலையாள் கிடையாது. தொட்டி கட்டி, காற்று ஊதி, அதைத் தின்ன விட்டு, தெளிந்த பிறகு கடைசியில் கிருமி கொல்ல வேண்டுமானால் ஓசோன் வரலாம். சாக்கடைக் குழாய் ஆற்றுக்கு வராமல் தொட்டிக்குப் போக வேண்டும். அதுதான் முதல் வேலை.

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருக் கிணற்றுக்குள் ஆறே இறங்கியது. இறைத்துவிட்டுப் பிளீச்சிங் பவுடர்தான் போட்டோம். அன்றைக்கு என்னிடம் ஓசோன் குழாய் இருந்தது, நான் எடுக்கவில்லை. ஓசோன் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றாலே பெரிது. கொல்லும், போய்விடும். அதற்குப் பிறகு வாளியிலோ குழாயிலோ புதுக் கிருமி ஏறினால் காவல் இல்லை. குளோரின் வாடை அடித்தாலும் உட்கார்ந்து காவல் காக்கும்.

உவரிப் பக்கம் கடலோரக் கிணறு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடல் உப்பு ஏறிய தண்ணீரில் புரோமைடு இருக்கும். அதில் ஓசோன் விட்டால் புரோமேட் ஆகும். உலக சுகாதார நிறுவனம் அதற்குக் குடிநீரில் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்தத் தண்ணீரில் விளையாட வேண்டாம்.

9 ஜூலை

கேரளத்து மருத்துவக் கழிவைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2024 டிசம்பரில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போனதும், பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனதும் நமக்கெல்லாம் தெரியும். அதற்கான பிளாஸ்மா கொதிக்கிற ரகம். ஆர்க் மூட்டி, காற்று இல்லாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றி ஊசி, பஞ்சு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வாயுவாக்குவது. குஜராத் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென்றே உலை செய்திருக்கிறார்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகளிலும் எரிஉலையோடு இதையும் அனுமதித்திருக்கிறார்கள். உருவான ஊரிலேயே அதை முடிக்க வழி இருக்கும்போது மலை தாண்டிக் கொண்டுவந்து நம் வயலோரம் கொட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

20 ஜூலை, அதிகாலை

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஆச்சி சொல்வார்கள். காளானைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மின்னல் நைட்ரஜனை உடைத்து மழையில் கரைத்து மண்ணுக்கு இறக்குகிறது என்பது நிஜம். என் மாடியில் பி.ஹெச். இறங்கியதும் அதே வேலைதான். நூறு வருஷத்துக்கு முன்பு நார்வேயில் பெரிய ஆர்க் மூட்டிக் காற்றிலிருந்தே உரம் செய்தார்கள். நல்ல தண்ணீரில் பொறிக்காற்று விட்டு ஒரு வாரம் செம்பருத்திக்கு ஊற்றினேன், செடி வாடவில்லை. சாயத்தண்ணியை அப்படி ஊற்றக்கூடாது. பொறிக்காற்று விட்ட எந்தத் தண்ணீரையும் குடிக்கவும் கூடாது, நைட்ரைட், நைட்ரேட் ஏறியிருக்கும்.

26 அக்டோபர், மழை

மூன்று மாதம் கழித்து வருகிறேன். ஐப்பசி அடைமழையில் குழாயை ஓட்டினால் ஊதா ஒளி திட்டுத் திட்டாக நிற்கிறது. ஜூனில் இருபது நிமிஷத்தில் போன நிறம் இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. காற்றில் ஈரம் இருந்தால் ஓசோன் குறையும், அமிலம் கூடும். பம்புக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு பாட்டில் சிலிகா ஜெல் வைத்தேன், இருபத்தைந்து நிமிஷத்துக்கு இறங்கியது. நீல மணிகள் ரோஸ் ஆனால் வாணலியில் வறுத்தால் திரும்ப நீலமாகும்.

கருப்பு ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. விரலால் வளைத்தால் வறண்ட கம்மாய்க் கரம்பை மாதிரி விரிசல். ஓசோன் ரப்பரைத் தின்றுவிடும் என்று தெரிந்தும் கையில் கிடந்ததை மாட்டினேன்.

2 நவம்பர், இரவு

தங்கச்சி, முதல் நாள் கேட்டதற்கு இப்போதுதான் சரியான பதில் இருக்கிறது.

முதலில் அண்டாத் தண்ணியைக் கொட்டாதே. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று அடுத்த வாரமும் அதிலேயே சாயம் கூட்டிக் காய்ச்சலாம், உப்பும் மிச்சம். உங்கள் அம்மா முன்னே அப்படித்தான் செய்தார்களாம், கேட்டுக்கொள். மூன்று தடவை ஆன பிறகு டிரம்மில் ஊற்றிச் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு ஒரு ராத்திரி விடு. அடியில் இறங்கும் வண்டலை எடுத்து வெயிலில் காய வைத்துச் சாக்கில் கட்டி வை, எங்கும் கொட்டாதே. மேலே தெளிந்ததை மணல் வாளியில் வடிகட்டு. அதற்குப் பிறகு நிற்கிற நிறத்துக்குத்தான் என் குழாய், அதுவும் கொல்லையில், ஆள் இல்லாத பக்கம். நிறம் போனதும் நிறுத்தாமல் இன்னொரு மடங்கு நேரம் ஓட்டிவிட்டு மறுபடி சி.ஓ.டி. பார்ப்போம், குறைகிறதா என்று தெரிய வேண்டும். மிச்ச உப்புத்தண்ணீரைத் தார்ப்பாய் விரித்த தட்டில் பங்குனி வெயிலுக்கு விட்டுவிடலாம். உங்கள் அளவுக்கு அது போதும். வாய்க்காலுக்கு ஒரு செம்பும் போக வேண்டாம்.

டிரான்ஸ்பார்மரை மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் திறந்தால் கரண்ட் நிற்கிற மாதிரி ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். ஒரு மீட்டர் சிலிக்கோன் குழாய் மட்டும் வாங்கி வை, ரப்பர் வேண்டாம். சின்னப் பிள்ளைகளை அன்றைக்கு மாமா வீட்டில் விட்டுவிடு.